ஊசியால் பேசிய பெண்கள்: அரூர் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரூரில் சனிக்கிழமை மதியம் மகளிர் குழுப் பெண்களுக்குக் கைத்தையல் சொல்லித் தருகிறேன். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. வேறு வேறு ஊர்ப் பெண்கள் எதற்காகவெல்லாம் ஊசி எடுத்தார்கள் என்று ஒருநாள் கதை சொல்லத் தொடங்கினேன். அன்றிலிருந்து கேள்விகள்தான். மொரப்பூரிலிருந்து வரும் கல்லூரி மாணவிகள், பென்னாகரத்தில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா, மகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் என்று கேட்கும் ஆள் மாறுகிறார்கள், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. அக்கா, ஊசி நூலுக்கும் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? தையல்னா பிழைப்புதானே?

பிழைப்புதான். ஆனால் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்ணிடம்கூட ஊசி இருந்தது. கூட்டத்தில் எழுந்து பேச விடாத வீட்டிலும் தைக்க விட்டார்கள். திண்ணையில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. அந்த இடைவெளியில் பல நாட்டுப் பெண்கள் தாங்கள் சொல்ல வேண்டியதைத் துணியில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எலிசபெத் பார்க்கர். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1813-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்குப் போய், எஜமானர்களிடம் கொடுமை அனுபவித்தவர். 1830 வாக்கில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, சிவப்பு நூலில் குறுக்குத் தையலாகத் தன் கதையை எழுதினார். பூ இல்லை, கரை இல்லை, வெறும் எழுத்து. தனக்கு எழுத வராது என்று தொடங்கி, பட்ட அடி, சாக நினைத்தது, கடவுளிடம் மன்றாடியது என்று வரி வரியாகப் போகிறது. கடைசி வரி பாதியில் நிற்கிறது. என் ஆன்மாவுக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, மீதித் துணியை வெறுமையாக விட்டிருக்கிறார். அது இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவரை வேலைக்கு வைத்தவர்களை இன்று யாரும் தேடிப் போவதில்லை.

2. ஒருத்தி தனியா தைச்சு அழுதா அது போராட்டமா? கூட்டமா சேர்ந்து செஞ்சாங்களா?

செய்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1825-ல் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கிய சங்கம் அது. சிறு சிறு பைகள் தைத்து, அவற்றுக்குள் அடிமைகள் படும் பாட்டைச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களை வைத்து வீடு வீடாக விற்றார்கள். அடிமைகள் விளைவித்த பருத்தி கூடாது என்பதற்காகக் கிழக்கிந்தியத் துணியைத் தேடி வாங்கினார்கள். அதே காலத்தில்தான் கம்பெனி ஆட்சியில் நம் நெசவாளர்கள் தறியை இழந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் நினைவுக்கு வரும்.

அப்புறம் வாக்குரிமைப் போராட்டம். 1912 மார்ச்சில் லண்டனில் கடை ஜன்னல்களை உடைத்து ஹாலோவே சிறைக்குப் போன பெண்கள் ஒரு கைக்குட்டையில் 66 பேருடைய கையெழுத்துகளைத் தைத்தார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு மூக்கில் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு செலுத்திய காலம் அது. இந்த 66 பேர் உள்ளே இருந்தோம் என்ற சாட்சியை ஊசியால் பதித்தார்கள். தெருவில் அவர்கள் தூக்கிப்போன கொடிகளும் பதாகைகளும் கையால் தைத்தவைதான். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தகுதி உள்ளவர்களுக்கு 1918-ல் ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க 1928 ஆகிவிட்டது.

3. சிலி நாட்டுச் சாக்குத்துணிக் கதையை இன்னொரு தடவை சொல்லுங்க.

இதைத்தான் அதிகம் பேர் திரும்பக் கேட்கிறார்கள். 1973 செப்டம்பர் 11-ஆம் தேதி சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பினோசே சர்வாதிகாரி ஆனார். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவே இல்லை. மகனைத் தேடி, கணவனைத் தேடிச் சிறை வாசலுக்கும் பிணவறைக்கும் அலைந்த பெண்கள் தேவாலயத்தின் ஆதரவில் ஒன்றுகூடித் தைக்கத் தொடங்கினார்கள். கோதுமை, மாவு வரும் சாக்குத்துணிதான் அடித்துணி. ஸ்பானிய மொழியில் அந்தச் சாக்குத்துணிக்கு ‘அர்ப்பியேரா’ என்று பெயர். அந்தப் படங்களுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

பார்த்தால் குழந்தை வரைந்த படம் மாதிரி இருக்கும். பின்னால் ஆண்டீஸ் மலை, மேலே சூரியன், கீழே பொம்மை போலச் சின்னச் சின்ன மனிதர்கள். உற்றுப் பார்த்தால் அந்த மனிதர்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போகும். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். ‘எங்கே அவர்கள்?’ என்று ஒரு வரி தைத்திருக்கும். சிலர் காணாமல் போனவரின் சட்டையையே வெட்டி ஒட்டுத்துணியாக வைத்தார்கள். சில துணிகளின் முதுகில் சின்னப் பை தைத்து அதற்குள் ஒரு சீட்டும் இருக்கும். 1976-லிருந்து சாந்தியாகோ பேராயத்தின் ‘விக்காரியா தெ லா சொலிதரிதாத்’ என்ற அமைப்பு இவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றுக் கொடுத்தது. பத்திரிகைகள் வாய் மூடியிருந்த நாட்டிலிருந்து, பெண்கள் தைத்த பொம்மைப் படம்தானே என்ற அலட்சியத்தில் செய்தி வெளியே போனது. சம்பாதிக்கும் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் அடுப்பும் எரிந்தது.

4. வெள்ளைத் துணியைத் தலையில கட்டிக்கிட்டு நடப்பாங்களே, அவங்களும் சிலியா?

அது பக்கத்து நாடு, அர்ஜென்டினா. அங்கும் ராணுவ ஆட்சிதான். 1977 ஏப்ரல் 30-ஆம் தேதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் 14 பேர் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் முதல்முறை கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்று போலீஸ் சொன்னதால் ஜோடி ஜோடியாகச் சுற்றி நடந்தார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளத் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். முதலில் அது குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் துணி. பிறகு அந்தத் துணியிலேயே பிள்ளையின் பெயரையும், காணாமல் போன தேதியையும் தைத்துக்கொண்டார்கள்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த ஈழத்துத் தாய்மார்களை நம் பெண்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும்.

5. எல்லாம் வெளிநாடாவே இருக்கே. நம்ம நாட்டுல யாரும் செய்யலையா?

வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தைக்கும் போர்வைக்குக் காந்தா என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் அப்பாவுக்காக ஒரு காந்தா தைத்து, அதில் தன் பெயரையும் தைத்து வைத்தார். கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கோஷம் எதுவும் இல்லை. ஆனால் பெண் தைத்த எதிலும் பெயர் இல்லாத காலத்தில் அவர் பெயரை விட்டுப்போனதே பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு மிக நெருக்கமான கதை பீகாரில் இருக்கிறது. முசாபர்பூர் பக்கம் பூசுரா என்ற கிராமத்தில், பிறந்த குழந்தையைச் சுற்றப் பழஞ்சேலையில் ‘சுஜனி’ தைப்பார்கள். 1980-களின் கடைசியில் விஜி ஸ்ரீனிவாசனின் ‘அதிதி’ அமைப்பு அங்கே போனபோது, பெண்கள் அந்தத் தையலிலேயே வரதட்சணையையும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனையும், பெண் சிசுக் கொலையையும் படமாகத் தைக்கத் தொடங்கினார்கள். உருவத்தின் கரையைச் சங்கிலித் தையலில் போட்டு, உள்ளே பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் நிரப்புவது அவர்கள் பாணி. குழந்தையைச் சுற்றும் துணியில் கொல்லப்பட்ட குழந்தையின் கதை. பெண் சிசுக் கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அது ஏன் வர வேண்டியிருந்தது என்பது இங்குள்ள பாட்டிகளுக்குத் தெரியும். அதனால்தான் சுஜனி படத்தைக் காட்டினால் இங்கே யாரும் விளக்கம் கேட்பதில்லை.

6. சரி, தமிழ்ப் பெண்கள்?

தோள்சீலைப் போராட்டத்தை மறந்துவிடக் கூடாது. கன்னியாகுமரிப் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. நாடார் பெண்களும் இன்னும் சில சாதிப் பெண்களும் மேலாடை போடக் கூடாது என்ற கட்டுப்பாடு. கிறித்தவ மறைப்பணியாளர்களின் மனைவியர் பள்ளியில் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ‘குப்பாயம்’ என்ற தளர்வான மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்கள் சந்தைக்குப் போனார்கள். அவர்களை வழிமறித்துச் சட்டையைக் கிழித்தார்கள். 1822-லிருந்து விட்டுவிட்டு நடந்த போராட்டம் 1859-ல் அரச ஆணை வந்த பிறகே ஓய்ந்தது. அந்த ஆணைகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு ரவிக்கையைத் தைத்துப் போட 37 வருடம் ஆனது. நாம் இன்று ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுச் சாதாரணமாக வந்துவிடுகிறோம்.

அதே வட்டாரத்தில் மறைப்பணியாளர் ஒருவரின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமையாக இருந்த சில பெண்கள் அந்த லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். வரதட்சணைக்கு எதிராக நாலு வார்த்தை தைப்பதைவிடப் பெரிய போராட்டம் அது.

7. சித்திலிங்கியில லம்பாடிங்க தைக்கிறதைப் பத்திப் பேப்பர்ல வந்துச்சே, அது என்ன?

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்குதான் சித்திலிங்கி. மலையாளி என்ற பழங்குடி மக்களோடு லம்பாடிகளும் அங்கே தாண்டா எனப்படும் தங்கள் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். லம்பாடிகளின் முன்னோர் மாட்டுமேல் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுக்கப் போன வணிகர்கள். ரயிலும் வெள்ளையர்களின் உப்புச் சட்டமும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. பிறகு 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களைப் போன்ற நாடோடிகளுக்குத் திருடர் பட்டம் கட்டியது. அந்தச் சட்டம் 1952-ல்தான் நீங்கியது.

லம்பாடிப் பெண்களின் பாவாடை, ரவிக்கை, முக்காடு மூன்றிலும் கண்ணாடித் துண்டு, சோழி, நாணயம் வைத்துத் தைத்த வேலை நிறைந்திருக்கும். ஆனால் அந்த உடையில் சந்தைக்கு வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும், கேலி செய்யும். பள்ளியில் பிள்ளைகளுக்கு வெட்கம். மெல்ல மெல்லச் சேலைக்கு மாறினார்கள். ஒரு தலைமுறைக்குள் தையலே மறந்துபோனது.

மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் சித்திலிங்கியில் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பிற்பாடு லலிதா முன்கையெடுத்துத் தேடியபோது, பழைய தையல் தெரிந்தவர்கள் என்று வயதான இரண்டு பெண்கள்தான் மிஞ்சியிருந்தார்கள். அவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி உருவான பெண்கள் அமைப்புக்கு ‘போர்கை’ என்று பெயர் வைத்தார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். எதைக் காட்டிக் கேலி செய்தார்களோ அதற்கே அந்தப் பெயர்! இன்று அவர்கள் தைத்த குர்த்தாவையும் தலையணை உறையையும் நகரத்துக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். திருப்பூருக்கும் மற்ற ஊர்களுக்கும் கூலிக்குப் போக வேண்டியிருந்த பெண்கள் சிலர் சொந்த ஊரிலேயே உட்கார்ந்து தைக்கிறார்கள்.

8. அங்கேயும் காசுக்குத்தானே தைக்கிறாங்க? அதை எப்படிப் போராட்டம்னு சொல்றீங்க?

இந்தக் கேள்வி வரும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மறைக்கவில்லை. காசுக்கு என்றால் தாழ்வு, கோஷத்துக்கு என்றால் உயர்வு என்று பிரிப்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குபவர்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1960-களில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகக் கறுப்பினக் குடும்பங்களை நிலச் சொந்தக்காரர்கள் குடிசையை விட்டே துரத்தினார்கள். அங்குள்ள பெண்கள் 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்று கூட்டுறவு அமைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்து விற்றார்கள். சொந்தமாகக் காசு வந்ததால்தான் ஓட்டுப் போடும் தைரியம் தாக்குப்பிடித்தது.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு முதலில் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு சேர்ந்திருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. பெண் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கியதை அன்று எத்தனை வீடுகளில் எதிர்த்தார்கள் என்று அந்தக் காலத்துக் குழுத் தலைவிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

9. நான் ஆரி வேலை செய்றேன். அது இந்தக் கணக்குல வருமா?

வேலை வருமா என்று கேட்டால், கல்யாண ரவிக்கையில் மணி கோப்பது போராட்டம் ஆகாது. ஆனால் ஒரு ரவிக்கைக்கு நாலு நாள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, கடைக்காரர் சொல்லும் கூலியைத் தலையாட்டி வாங்குகிறோமே, அதைப் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது வரும். அகமதாபாத்தில் 1972-ல் இளா பட் தொடங்கிய ‘சேவா’ சங்கம் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களையும் தொழிலாளி என்றே சொன்னது. வீட்டு வேலைக்கு நடுவில் செய்யும் கைவேலை என்ற பேச்சை அவர்கள் ஏற்கவில்லை.

10. மெஷின்ல தைக்கிறவங்களை விட்டுட்டீங்களே? எங்க ஊர்ப் பொண்ணுங்க பாதிப் பேர் ஓசூர், திருப்பூர் கம்பெனியிலதான் இருக்காங்க.

விடவில்லை. 1968-ல் இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் சீட்டுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் வேலையைத் தேர்ச்சி தேவையில்லாத வேலை என்று தாழ்த்திவிட்டார்கள் என்பது வழக்கு. உறை இல்லாமல் கார் வெளியே போகாது, ஆலை மூன்று வாரம் முடங்கியது. அங்கே சம ஊதியச் சட்டம் 1970-ல் வந்ததற்கு அதுவே பெரிய தூண்டுதல்.

நம் பக்கத்தில் 2022-ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இருக்கிறது. ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுக்கவும் புகார் சொல்பவர்களைப் பாதுகாக்கவும் நிர்வாகத்திடமும் வெளிநாட்டு வாங்குபவர்களிடமும் எழுத்தில் வாங்கிய ஒப்பந்தம் அது. ஆலையில் இருக்கும் உங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள்.

11. ஆம்பளைங்க யாரும் தைக்கலையா?

தைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியான பிரிட்டிஷ் அதிகாரி அலெக்சிஸ் காஸ்டாக்லி 1941-ல் முகாமில் ஒரு துணி தைத்தார். நடுவில் ஒன்றும் தெரியாத மாதிரி பெயரும் இடமும். சுற்றிலும் கரை மாதிரி புள்ளியும் கோடும். அது மோர்ஸ் குறியீடு, ஹிட்லரை வசைபாடும் வார்த்தை. புரியாமல் ஜெர்மானியர்களே அதை முகாம்களில் காட்சிக்கு வைத்தார்கள்!

எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைத்த பெரிய போர்வையிலும் ஆண்களின் கை நிறைய உண்டு. ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11-ல் வாஷிங்டனில் முதலில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இறந்தவர்களின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் கூசிய காலத்தில் ஒவ்வொரு துண்டிலும் பெயர் இருந்தது.

12. பொண்ணுங்களை வாய் மூடி ஒரு மூலையில உட்கார வைக்கத்தானே தையலே சொல்லிக்கொடுத்தாங்க? அதைப் போய்ப் புரட்சிங்கிறீங்க.

கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பையனுக்குக் கணக்கு, பெண்ணுக்குத் தையல் என்று பிரித்துத்தான் பல பள்ளிகளில் வைத்திருந்தார்கள். என் அம்மா பள்ளியில் தைத்த ‘நல்வரவு’ துணி எங்கள் வீட்டு வாசலுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. இரண்டு மயில், நடுவில் தாமரை. அடக்கமான பெண் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட அது ஒரு சான்றிதழ்.

ஆனால் கொடுத்தவர்கள் நினைத்தபடியே ஒரு கருவி கடைசிவரை இருக்காது. 6-வது கேள்வியில் சொன்ன குப்பாயத்தைப் பாருங்கள். ஒழுக்கம் கற்பிக்க வந்த தையல் வகுப்பில்தான் அது பிறந்தது. தையல் பெண்ணை அடக்கியதும் உண்மை, பெண் தையலை எடுத்து வேறு வேலைக்கு வைத்ததும் உண்மை. தைக்கப் பிடிக்காத பெண்ணைத் தைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. அந்த மாணவி வகுப்புக்கு வந்து உட்கார்ந்து எங்களுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாள், அதுவும் சரிதான்.

13. அமெரிக்காவுல அடிமைங்க தப்பிச்சுப் போறதுக்குப் போர்வையில ரகசிய வரைபடம் தைச்சுக் கொடியில காயப் போட்டாங்களாமே?

யூடியூபில் எல்லாரும் பார்க்கும் கதை. நானும் முதலில் நம்பி வகுப்பில் சொன்னேன், பிறகு திருத்திக்கொண்டேன். 1999-ல் வெளியான ஒரு புத்தகத்துக்குப் பிறகு பரவிய கதை அது. தப்பி வந்தவர்களே எழுதிய வரலாறுகளிலும், முன்னாள் அடிமைகளிடம் பிற்காலத்தில் எடுத்த பேட்டிகளிலும் இப்படி ஒரு போர்வைக் குறியீட்டுக்கு ஆதாரம் இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

உண்மைக் கதை இருக்கும்போது எதற்குக் கற்பனை? ஜார்ஜியாவில் 1837-ல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1886 வாக்கில் பைபிள் கதைகளை ஒட்டுத்துணியில் தைத்தார். முதலில் விற்க மறுத்தவர், பிறகு வறுமையில் பத்து டாலர் கேட்டு ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் வாங்கியவரிடம் சொன்னார். அதை அந்தப் பெண்மணி எழுதி வைத்ததால்தான் ஹாரியட்டின் விளக்கம் நமக்குக் கிடைத்தது. போர்வை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

14. எதைத் தைச்சாலும் பேர் போடு, பேர் போடுன்னு சொல்றீங்க. சிலிக்காரங்க பேர் போடலையே?

நல்லா மடக்கினீர்கள். 3-வது கேள்வியில் சொன்ன பெண்களில் பெரும்பாலோர் பெயர் போடவில்லை. போட்டால் கைது. அர்ஜென்டினாவில் முகத்தைக் காட்டி நடந்த தாய்மார்களின் முதல் தலைவி அசுசேனா விசாஃப்லோரை 1977 டிசம்பரில் கடத்திக் கொன்றே விட்டார்கள். உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் பெயரை மறைப்பதும் புத்திசாலித்தனம்தான்.

நம் நிலைமை அது இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நகரத்துக் கடைக்கு எங்கள் குழு 40 துணிப்பைகள் தைத்துக் கொடுத்தது. ஒவ்வொன்றின் உள்பக்கமும் தைத்தவரின் பெயர் சின்னதாக இருந்தது. கடையில் போய்ப் பார்த்தால் பெயர் இருந்த இடத்தில் கடையின் அட்டையைத் தைத்து மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து பெயரை வெளிப்பக்கம், வேலைப்பாட்டுக்குள்ளேயே வைக்கிறோம். பிரிக்க வேண்டுமென்றால் பூவையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

சிங்கப்பூர் சாங்கி சிறையில் 1942-ல் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள் தைத்த போர்வைகளும் இதற்காகவே எனக்குப் பிடிக்கும். ஒவ்வொன்றிலும் 66 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெண், ஒரு படம், ஒரு பெயர். தனியே பிரித்து அடைத்து வைத்திருந்த கணவனுக்கு அந்தப் போர்வை போய்ச் சேர்ந்தால், பெயரைப் பார்த்து மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வான்.

15. லம்பாடி டிசைன் அழகா இருக்கு. நாங்களும் அதையே தைச்சு விக்கலாமா?

கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். லம்பாடி வேலை என்று சொல்லி விற்காதீர்கள். அந்தப் பாவாடையைப் போட்டதற்காகக் கேலி வாங்கியவர்கள் ஒருவர், அதை வைத்துச் சம்பாதிப்பவர்கள் வேறொருவர் என்றால் அது சரியில்லை. கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்துச் சண்டூர் லம்பாணித் தையலுக்கும், நம் நீலகிரித் தோடர்களின் சிவப்புக் கறுப்புத் தையலுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்குபவர் கேட்டால் சித்திலிங்கிக்கு வழி சொல்லுங்கள்.

நமக்கென்று எதுவும் இல்லையா என்று உடனே கேட்பார்கள். கம்பிக்கோலம் இருக்கிறதே! புள்ளிக்கோலத்தைப் பின்தையலில் போட்டுப் பாருங்கள், அதற்காகவே பிறந்தது போல உட்காரும்.

16. இவ்வளவு தைச்சும் என்ன மாறிடுச்சு? துணியைப் பார்த்து எந்த அரசாங்கம் பயந்துச்சு?

துணி மட்டும் எதையும் மாற்றிவிடாது. பாலஸ்தீனத்தில் கொடி பிடிக்கத் தடை இருந்த காலம் உண்டு. 1987-ல் தொடங்கிய எழுச்சியில் பெண்கள் அந்தக் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் தங்கள் அங்கியிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். கையிலிருக்கும் கொடியைப் பறிக்கலாம், உடுத்திய உடையை எப்படிப் பறிப்பது? ஆனாலும் அந்த மக்களின் துன்பம் இன்றும் தீரவில்லை.

இங்கேயே இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் தேதி அரசு ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்து நடத்திய வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் நீதிமன்றத்தில் நின்று வாயால் சாட்சி சொன்னார்கள். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலைவாழ் மக்கள் சங்கம், வழக்கறிஞர்கள், கட்சிக்காரர்கள் என்று எத்தனையோ பேர் கூட நின்ற 31 வருட வழக்கு. அதற்குப் பதிலாக ஒரு போர்வை தைத்தால் போதும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பேச முடிந்த இடத்தில் பேச வேண்டும், வழக்குப் போட முடிந்தால் போட வேண்டும். பேச இடமே கிடைக்காத நாட்களில், நடந்தது நடந்தது என்று யாராவது குறித்து வைக்க வேண்டும். சிலிப் பெண்கள் செய்தது அதைத்தான்.

17. எங்க வீட்டுக் கதையைத் தைச்சா வீட்டு மானம் போயிடாதா?

உங்களுக்கு ஆபத்து என்றால் தைக்காதீர்கள், அல்லது 14-வது பதிலில் சொன்னபடி பெயரில்லாமல் தையுங்கள். அடுத்தவள் கதையை அவளைக் கேட்காமல் தைக்கவே கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் வகுப்பில் நான் கண்டிப்பு.

18. சரி அக்கா, நான் எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?

உங்கள் பெயரிலிருந்து. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி ஒரு சாண் போதும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஊசி இறங்காது. பென்சிலால் மெல்ல எழுதிக்கொள்ளுங்கள், பால்பாயிண்ட் பேனா வேண்டாம், கறை போகாது. எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. கடையில் வாங்கும் நூல்கண்டில் ஆறு இழை இருக்கும், இரண்டு இழையைப் பிரித்து எடுத்துப் பின்தையல் போடுங்கள். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடு, சீக்கிரம் வரும். ‘இ’, ‘ஞ’, ‘ழ’ இருப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும், வளைவில் தையலைக் குட்டையாக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு முடிச்சுத் தையல்: ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் பிடித்துக்கொண்டு, ஏறிய இடத்துக்கு ஒட்டினாற்போல இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் ஓடிவிடும்.